கூட யார் வந்திருக்காங்க?

"சார் என்ன வேலையில இருந்தீங்க?" என்று புதிதாகப் பழகுகிற எல்லோரும் என்னைக் கேட்பார்கள். ரயில்வே, பேங்க், காலேஜ் என்று ஏதாவது சொல்லிவிட்டால் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். நான் "பேஷண்டா இருந்தேங்க" என்பேன். கேட்டவர் முகம் தொங்கிப்போகும். "இப்ப உடம்பு தேவலையாங்க?" என்று குரலைத் தாழ்த்தி விசாரிப்பார். அந்த முகத்தைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அப்புறம்தான் விஷயத்தைச் சொல்வேன்.

வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் ஆங்கிலத்தில் ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டும். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி. பேசுகிற பகுதியில் எதிரே ஒருவர் நோயாளி மாதிரி உட்கார்ந்திருப்பார், அவரிடம் நர்ஸ் பேசிக் காட்ட வேண்டும். அதற்குப் பயிற்சி கொடுக்கிற சென்டர் ஒன்று சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு குடைக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. அங்கே எதிரே உட்கார்கிற ஆளாக இருந்தவன் நான். சர்க்கரை, ஆஸ்துமா, மூலம், இடுப்பெலும்பு முறிவு, தூக்கமின்மை எல்லாம் எனக்கு வந்திருக்கின்றன. பிரசவ வலியில் துடிக்கிற பெண்டாட்டிக்குப் புருஷனாகவும் இருந்திருக்கிறேன். காலையில் ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடிக்கக் கிளம்பும்போது என் மனைவி சரோஜா, "இன்னைக்கு என்ன வியாதி?" என்று கேட்டுவிட்டுத்தான் டிபன் பாக்ஸைக் கையில் கொடுப்பாள். மூலம் என்றால் அன்றைக்குத் தயிர்சாதம்.

போன மாதம் அந்த சென்டரில் இப்போது பாடம் எடுக்கிறவர் போன் பண்ணினார். நோயாளி மாதிரி பேசுகிற கம்ப்யூட்டர் ஒன்று வந்துவிட்டதாம். "நல்லாத்தான் பேசுது சார். ஆனா எப்ப வாய மூடிக்கணும்னு அதுக்குத் தெரியல. நீங்க எப்படி சார் பண்ணுவீங்க?" என்றார். பேசாமல் இருப்பதைப் பற்றி போனில் அரைமணி நேரம் பேசினேன். வைத்த பிறகுதான், இதை உட்கார்ந்து எழுதிவிடலாமே என்று தோன்றியது.

என் பூர்வகதை பெரிசாக ஒன்றுமில்லை. பி.ஏ. ஆங்கிலம் படித்தேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு மூலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினேன். துணிக்கடை சேல்ஸ்மேன்களுக்கும் ஹோட்டல் ரிசப்ஷன் பிள்ளைகளுக்கும் "குட் மார்னிங்" சொல்லிக் கொடுத்தே பாதி வயசு போயிற்று. டைப்ரைட்டருக்கே வேலை இல்லாமல் போய் இன்ஸ்டிட்யூட்டை மூடினபோதுதான் ஸ்டெல்லா மேடத்திடம் போய்ச் சேர்ந்தேன்.

மேடம் மேலப்புதூர் பக்கம். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் ரொம்ப வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வெள்ளைக் காட்டன் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச், எப்போதும் கையில் ஒரு பென்சில். என்னை இன்டர்வியூ பண்ணின அழகைச் சொல்ல வேண்டும். சர்டிபிகேட்டைப் பார்க்கவே இல்லை. "வயித்து வலின்னு வந்திருக்கீங்க. உக்காருங்க" என்றார். விடுவேனா நான்? வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகி, நெளிந்து, "டாக்டர், டாக்டர்" என்று கத்தினதில் கீழே குடைக்கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். மேடம் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "வலிக்கிறவன் இவ்வளவு பேச மாட்டான். நாளைலேருந்து வாங்க, பேசாம இருக்கக் கத்துக்கலாம்" என்றார்.

அவருடைய முறை இதுதான். நர்ஸுக்கு ஒரு அட்டை, எனக்கு ஒரு அட்டை. ஒருவர் அட்டையை மற்றவர் பார்க்கக் கூடாது. நர்ஸ் தன் அட்டையைப் படித்துக்கொள்ள மூன்று நிமிடம், அப்புறம் ஐந்து நிமிடம் பேச்சு. என் அட்டையில் நோயாளியின் கவலை ஒன்று எழுதியிருக்கும். அதை நானாகச் சொல்லக் கூடாது. நர்ஸ் கேட்டால்தான் சொல்ல வேண்டும். அவள் வார்த்தை வராமல் தவித்தால் எடுத்துக் கொடுக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, சிரித்துத் தைரியம் சொல்லக் கூடாது. என்னைப் போல வாயாடிக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? மேடம் நர்ஸுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். தப்பு வந்தால் திட்ட மாட்டார். பென்சிலை மேஜைமேல் வைப்பார். டொக். அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு நர்ஸைவிட நான்தான் அதிகம் பயந்தேன். ஐந்து நிமிடம் முடிந்ததும், "மறுபடி" என்பார்.

நம்ம ஊர் நர்ஸுகளுக்கு வியாதி தெரியும், மருந்து தெரியும், கை அப்படி ஓடும். ஆனால் வார்டில் பழகின பேச்சு வாயிலிருந்து போகவே போகாது. முதல் பழக்கம், உரிமையோடு அதட்டுவது. என் பொய்ச் சர்க்கரைக்கு ஒரு பெண் என்னைப் பிடித்துத் திட்டின திட்டில் அன்றைக்கு சாயங்காலம் நான் நிஜமாகவே ஜாங்கிரியைத் தொடவில்லை. இரண்டாவது, "ஒண்ணும் ஆகாது சார், பயப்படாதீங்க" என்பது. ஒன்றும் ஆகாது என்று நமக்கு எப்படித் தெரியும்? டொக்.

மூன்றாவதுதான் ஆபத்து. அட்டையில் கொஞ்சம் பெரிய வியாதி வந்துவிட்டால் போதும், எதிரே நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே இவர்கள் கண் வாசலைப் பார்க்கும். "கூட யார் வந்திருக்காங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். கெட்ட செய்தியை நோயாளியிடம் நம் ஊரில் யார் சொல்கிறார்கள்? மகனைத் தனியாகக் கூப்பிட்டு வராந்தாவில் சொல்வோம். மகன் உள்ளே வந்து, "ஒண்ணுமில்லப்பா, சும்மா புண்ணுதான்" என்பார். அப்பாவும் சரி என்பார். ஆனால் பரீட்சை வைக்கிற நாட்டில் அது மகா தப்பு. உடம்பு யாருடையதோ அவரிடம்தான் சொல்ல வேண்டும். இது பிடிபட எல்லோருக்கும் கொஞ்ச நாளாகும். பிடிபட்டுவிடும்.

மலர்க்கொடிக்கு மட்டும் பிடிபடவில்லை.

லால்குடி பக்கத்துப் பெண். முப்பத்தெட்டு வயசு, திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் சீனியர் நர்ஸ். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். அம்மா இல்லை. அப்பா முத்துக்கருப்பன் வாழை விவசாயம். தம்பிகள் இரண்டு பேருக்கும் குடும்பம் இருக்கிறது. அவளிடம் வேலை கற்றுக்கொண்ட பெண்கள் ஒவ்வொருத்தியாக வெளிநாடு போய் அங்கிருந்து வீடியோ காலில் பனியைக் காட்டினார்கள். "எல்லாரையும் அனுப்பி வச்சுக்கிட்டே இருந்தா எப்படி சார், நானும் ஒருநாள் போய்ப் பார்க்கணும்ல?" என்று என்னிடம் சொன்னாள். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி அவளுக்கு வேலை கொடுத்துவிட்டுக் காத்திருந்தது. பேசுகிற பகுதியில் இரண்டு தடவை தவறிவிட்டாள். மூன்றாவது தடவையும் தவறினால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று எழுதிவிட்டார்கள். இந்த வயசில் இன்னொரு ஆஸ்பத்திரி கூப்பிடுமா என்பது சந்தேகம்தான்.

மற்ற அட்டைகளில் அவளை அடிக்க ஆளில்லை. என் இடுப்பெலும்பை அவள் கவனித்த கவனிப்பில் நான் நிஜமாகவே எழுந்து நடக்கப் பயந்தேன். ஒரே ஒரு அட்டைதான் பாக்கி. நோயாளிக்கு வாயில் ஆறாத புண். அதில் துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். "கேன்சரா இருக்குமா?" என்று நோயாளி கேட்பார். இருக்கலாம், அதைத் தெரிந்துகொள்ளத்தான் சோதனை என்று நர்ஸ் நேராகச் சொல்ல வேண்டும், அவர் பயத்தைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

நான் கேட்பேன். மலர்க்கொடி வாசலைப் பார்ப்பாள். கூட யார் வந்திருக்காங்க சார்? யாரும் வரவில்லை, தனியாக வந்தேன் என்பேன். வீட்டம்மா? ஊருக்குப் போயிருக்கிறாள். பையன்? துபாயில். தம்பி, மச்சினன்? பேச்சுவார்த்தை இல்லை. மேடம் என் அட்டையை ஒவ்வொரு நாளும் திருத்தி என் சொந்தபந்தங்களை ஒவ்வொருவராக அப்புறப்படுத்திக்கொண்டே வந்தார். ஒருநாள் அவள், பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது என்று ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. தெருவே வைகுண்ட ஏகாதசிக்குக் கோயில் க்யூவில் நிற்கிறது என்றேன், அதையும் ஆங்கிலத்தில். மலர்க்கொடி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேடம் சிரிக்கவில்லை. டொக். மறுபடி.

பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரம்தான். அன்றைக்கு மத்தியானம் மேடம் எழுந்து வந்து என் அட்டையை வாங்கி மலர்க்கொடி கையில் கொடுத்தார். அவள் அட்டை என் கைக்கு வந்தது. "நீ பேஷண்ட். அவர் நர்ஸ்" என்றார். பேஷண்டாக நான் பட்டம் வாங்கினவன், நர்ஸாக எனக்கு என்ன தெரியும்? மேடம் என் காதருகே குனிந்து, "இவ உங்ககிட்ட தெனம் என்ன சொன்னாளோ அதையே சொல்லுங்க. ஒண்ணு விடாம" என்றார்.

சொன்னேன். மனப்பாடம்தானே. இது கேன்சரா என்று அவள் கேட்டாள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்றேன். தனியாக வந்தேன் என்றாள். ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள், தம்பி இருக்கிறாரா என்றேன். மறுபடியும் கேட்டாள். சாப்பிட்டீர்களா, முதலில் சாப்பிடுங்கள், வீட்டிலிருந்து யாரையாவது வரச்சொல்லுங்கள் என்றேன். சொல்லும்போதே எனக்கு என்னவோ போலிருந்தது. அவள் முகம் சிவந்துகொண்டு வந்தது. மூன்றாவது தடவை அவள் ஆங்கிலத்தையே விட்டுவிட்டாள்.

"என் உடம்பு சார் இது. என்கிட்ட சொல்லுங்க. எல்லாரும் சேர்ந்துக்கிட்டு என்னை முட்டாளாக்குறீங்களா?"

சொன்ன வேகத்தில் அப்படியே நிறுத்திவிட்டாள். அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார், தொடவில்லை. மலர்க்கொடியே சொன்னாள். அவள் அப்பாவுக்குத் தாடைக்கு உள்பக்கம் புண். வாயில் புகையிலை அடக்குகிற பழக்கம். சோதனை ரிசல்ட் வந்து பத்துப் பதினைந்து நாளாகிறது. கேன்சர்தான். ஆபரேஷன் பண்ணினால் தேறிவிடலாம் என்கிறார்கள். தம்பிகள் இரண்டு பேரும் அவளும் கூடிப் பேசி அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். பல்லில் சீழ், ஒரு சின்ன ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். காலையில் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வந்து, இங்கே அதே புண்ணை எனக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

"உங்கள அப்பான்னுதான் பார்க்க வருது சார். வாயே வரல" என்றாள்.

நானும் மறைக்கவில்லை, அழுதேன். இத்தனை நாள் வைகுண்ட ஏகாதசி அது இது என்று நான் விளையாடிக்கொண்டிருந்த அட்டையில் நிஜமான மனுஷர் ஒருவர் இருந்திருக்கிறார். மேடம் அவள் அப்பாவிடம் சொல் என்றோ சொல்லாதே என்றோ எதுவும் சொல்லவில்லை. எனக்கு அதில் அப்போது கோபம்கூட வந்தது.

"பரீட்சைக்கு என்ன பேசணும்னு நான் சொல்லித் தருவேன். வீட்டுல என்ன பேசணும்கிறது உன் பாடு. ஆனா ஒண்ணு கேக்குறேன். நாளைக்கு அயர்லாந்துல நீ தனியா இருக்கே. உனக்கே ஒண்ணுன்னா, அவங்க யாரைக் கூப்பிட்டுச் சொல்லணும்னு நெனக்கிறே?"

மேடம் என்னைக் கீழே போய் மூன்று டீ சொல்லச் சொன்னார். நான் வருவதற்குள் அவள் முகம் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அப்புறம் இரண்டு நாள் வரவில்லை. ஆளைக் காணோமே என்று நான் தவித்ததில் சரோஜா, "என்ன நிஜமாவே வியாதி வந்துடுச்சா?" என்றாள். மூன்றாம் நாள் வந்தாள். வந்ததும் அந்த அட்டையைத்தான் கேட்டாள். உட்கார்ந்தாள். நான் கேள்வியைக் கேட்டேன். வாசலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். இருக்கலாம் சார் என்றாள், அதனால்தான் சோதிக்கிறோம், உங்களுக்கு இப்போது எதை நினைத்தால் ரொம்ப பயமாக இருக்கிறது என்று கேட்டாள். என் அட்டையில் எழுதியிருந்த கவலையை நான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பென்சில் சத்தம் கேட்கவே இல்லை.

அப்பாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். சொல்லிவிட்டாளாம். ஆஸ்பத்திரிக்குக் காட்டக் கூட்டி வந்துவிட்டுத் திரும்பும்போது, இதே சத்திரம் பஸ் ஸ்டாண்டில், லால்குடி பஸ்ஸுக்காக பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லியிருக்கிறாள். கண்டக்டர்கள் போடுகிற கூச்சலில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்ததாம். அவர் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பிங்களுக்குத் தெரியுமா?" தெரியும் என்றதும், "அப்ப ஊருக்கே தெரிஞ்சு கடைசியாத்தான் எனக்கா?" என்றிருக்கிறார். அதோடு சரி. பஸ் வந்ததும் ஏறி, மகள் பக்கத்தில் உட்காராமல் டிரைவர் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். இறங்கின பிறகும் பேசவில்லை. தம்பிகள் இரண்டு பேரும் அவளை, நீ பரீட்சையில் தேறி ஊரைவிட்டுப் போகத்தான் இதைப் பண்ணினாய் என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார்கள். அப்பா மன்னித்தாரா இல்லையா என்று தெரியாமலேதான் அவள் பரீட்சைக்குச் சென்னைக்கு ரயிலேறினாள்.

ரிசல்ட் வந்த அன்று மேடத்துக்கு போன் வந்தது. "ம்" என்றார், "நல்லது" என்றார், வைத்தார். பாஸ் என்று என்னிடம் சொல்லிவிட்டு, பாத்ரூமுக்குப் போய் ரொம்ப நேரம் குழாயைத் திறந்து விட்டிருந்தார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. நான் வகுப்பு என்றுகூடப் பார்க்காமல் கைதட்டினேன். அயர்லாந்து ஆஸ்பத்திரி வேலையை உறுதி பண்ணிவிட்டது. அப்பாவின் ஆபரேஷன் முடிந்து அவர் வீடு திரும்பினதும் வந்து சேர்ந்தால் போதும் என்று தேதியும் தள்ளிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷனுக்குச் சில நாள் முன்னால் ஒரு மத்தியானம், வகுப்பில் யாரும் இல்லாத நேரம், படியில் மெல்லச் செருப்புச் சத்தம் கேட்டது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் இரண்டு சீப்பு பூவன் பழம். என் வயசுதான் இருக்கும். கொஞ்சம் வாயைக் கோணிக்கொண்டு பேசினார்.

"அந்த பேஷண்ட் சார் நீங்கதாங்களா? நான் மலரு அப்பா."

எழுந்து நின்றுவிட்டேன். உட்காரச் சொன்னேன். நர்ஸுகள் உட்கார்கிற நாற்காலியில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். பழத்தை மேஜைமேல் வைத்தார். பெண்ணை அனுப்ப சம்மதம்தானே என்று கேட்டேன். போகட்டும் என்றார். மகன்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள் என்றார். இனி டாக்டர் என்ன சொன்னாலும் தன் எதிரில்தான் சொல்ல வேண்டும் என்று அவர்களிடமும் சொல்லிவிட்டாராம். முதலில் அவள்மேல் கோபம்தான், அவள் பரீட்சை முடிந்து வரும்வரை பேசவில்லை, சாப்பாடு வைத்தால் சாப்பிடுவேன், அவ்வளவுதான் என்றார். அப்புறம் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஏதோ கேட்க வந்து கேட்காமல் இருக்கிறார் என்று தெரிந்தது. மேடம் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே வித்தையை அப்போது செய்தேன், பேசாமல் இருந்தேன்.

"நடிப்புன்னு தெரியுங்க. இருந்தாலும் இதே வியாதிய உங்ககிட்ட எத்தனையோ தடவ சொல்லியிருக்காங்க. அதனால கேக்குறேன். வீட்டுல கேட்டா புள்ளைங்க கலங்கிப்போகும். கேக்கக் கேக்க பயம் கொறைஞ்சுடுதுங்களா?"

ஆயிரம் பொய் சொன்ன வாய் எனக்கு. பெண்கள் முன்னால் உட்கார்ந்து இல்லாத வலியை வலிக்குது என்று சொல்லியே சோறு தின்றவன். அவருக்கு ஒரு பொய் சொல்ல எவ்வளவு நேரமாகும்? முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, நாடகம் என்று தெரிந்தும் எனக்குப் பயமாகத்தான் இருக்கும். அது கடைசி நாள் வரைக்கும் போகவில்லை.

"இல்லைங்க, கொறையல" என்றேன்.

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பாடா" என்றார். "எனக்கு மட்டும்தான் அப்படியோன்னு நெனச்சிட்டேங்க."